பச்சை டிக் பேக்கப் ஆகாது

"எல்லாம் கூகுள்ல இருக்குங்க. தனியா பேக்கப் எதுக்கு?"

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரிடம் பேச்செடுத்தாலும் இந்தப் பதில்தான் வருகிறது. லேப்டாப் விற்கும் கடைக்காரர் இதைச் சொல்கிறார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் இதைச் சொல்கிறான். யூடியூபில் புது மாடல்களை அலசுகிறவர்கள், கிளவுடில் இத்தனை ஜிபி இலவசம் என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து பீரோவில் வைப்பது கதைக்கு உதவாத பழைய பழக்கம் என்ற எண்ணம், விவரம் தெரிந்தவர்களிடம்தான் அதிகமாக வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறு. பாதி சரி, பாதி தவறு என்று நடுநிலை பேசிக் கடந்துபோகிற தவறும் இல்லை இது. ஒரு குடும்பத்தின் இருபது வருடப் படங்களும் பத்திரங்களும் ஒரே நாளில் இல்லாமல் போவதற்கு இந்த நிம்மதி ஒன்றே போதும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஹார்ட் டிஸ்க் கைதவறிக் கீழே விழும், மின்சாரம் ஏறி இறங்கினால் போகும், திருடு போகும். பெரிய நிறுவனமோ ஒரே கோப்பைப் பல இயந்திரங்களில் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே ஒரு டிஸ்க் செத்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தானாக நடக்கிறது. மனிதர்கள் மறப்பார்கள், மென்பொருள் மறக்காது. இவை அத்தனையும் உண்மை. டிஸ்க் பழுதாவது ஒன்றுதான் ஆபத்து என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் வீட்டுக் கோப்புகள் தொலைய வேறு வழிகளும் உண்டு. கை தவறி அழித்தல், தெரியாமல் மேலெழுதிச் சேமித்தல், வைரஸ், கணக்கு முடங்குதல், கணக்கின் சொந்தக்காரர் இறந்துபோதல். இதில் ஒன்றுக்குக்கூட "பல இயந்திரங்களில் வைத்திருக்கிறோம்" என்பது பதிலாகாது.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், ஐகிளவுட் எல்லாம் அடிப்படையில் செய்கிற வேலை ஒத்திசைவு. இங்கே இருப்பது அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். கணக்கு எழுதி வைத்த எக்செல் ஷீட்டைத் திறந்த பேரன் நான்கு வரியைக் கலைத்துவிட்டு சேவ் கொடுத்தால், சில நொடிகளில் அங்கேயும் கலைந்திருக்கும். நடந்த தவறை ஒன்றுவிடாமல், தாமதம் இல்லாமல், வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் கொண்டு சேர்த்தால்தான் அந்த மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். பேக்கப்பிடம் நாம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. நேற்று இருந்த நிலை வேண்டும், போன மாதம் இருந்த நிலை வேண்டும், போன தீபாவளிக்கு இருந்த நிலை வேண்டும். இன்றைக்கு என்ன நடந்திருந்தாலும் அது அந்தப் பழைய நிலையைத் தொடக் கூடாது.

உடனே ஒரு மறுப்பு வரும்: அழித்தது குப்பைத் தொட்டியில் இருக்குமே, பழைய பதிப்புகளும் கிடைக்குமே? இருக்கும், கிடைக்கும். எவ்வளவு நாள் என்று பாருங்கள். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகிறது. கூகுள் போட்டோஸில், ஏற்றப்பட்ட படத்துக்கு 60 நாள். டிரைவில் போட்டு வைத்த சாதாரணக் கோப்பின் பழைய பதிப்பு 30 நாள் வரை, அல்லது 100 பதிப்பு வரை. அலுவலகத்துக்கு இது தாராளம். அங்கே ஒரு கோப்பு காணாமல் போனால் மறுநாள் காலையிலேயே யாராவது சத்தம் போடுவார்கள். வீட்டில் அப்படி இல்லை. வில்லங்கச் சான்றின் ஸ்கேன், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அம்மாவின் ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ரிப்போர்ட், தாத்தாவின் குரல் இருக்கும் ஒரே ஒரு வீடியோ. இவற்றை யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை. வங்கி கேட்கும்போது, கல்லூரி கேட்கும்போது, மருத்துவர் கேட்கும்போதுதான் தேடுவோம். அது மூன்று வருடம் கழித்து வரும். அழிந்தது எப்போது என்பதே அப்போது தெரியாது. 30 நாள் கெடு என்பது வீட்டுக் கோப்புகளின் இயல்புக்கே பொருந்தாத கெடு.

இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. "கம்ப்யூட்டர்லயும் இருக்கு, கிளவுட்லயும் இருக்கு, ஆக ரெண்டு காப்பி" என்று நாம் நம்புகிறோம். போனில் இடம் போதவில்லை என்றதும் கூகுள் போட்டோஸ் "இடத்தைக் காலி செய்யலாமா" என்று கேட்கிறது. சரி என்று தட்டுகிறோம். போனிலிருந்த பிரதி போய்விடுகிறது, மிஞ்சுவது ஒன்று. விண்டோஸ் 11 லேப்டாப்பை முதல்முறை திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் பல நேரம் நாம் கவனிக்காமலே ஒன்டிரைவுக்குள் போய்விடுகின்றன. அங்கே கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகப் படம் இருந்தால், பெயர் மட்டும்தான் லேப்டாப்பில் இருக்கிறது, கோப்பு இல்லை. திறக்கும்போதுதான் இறங்கி வரும். எத்தனை வீடுகளில் அந்த மேகப் படத்தின் பொருள் தெரியும்? பேக்கப் என்று நம்பிய இடம் கடைசியில் ஒரே ஒரு அசல் இருக்கும் இடமாக மாறியிருக்கிறது. அசலுக்குப் பேக்கப் இல்லை.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பரின் மேசையில் ஒரு லேப்டாப்பைப் பார்த்தேன். வீட்டில் டியூஷன் எடுக்கும் இயற்பியல் ஆசிரியருடையது. பிளஸ் டூவுக்கு அவர் வருடக்கணக்காகத் தயாரித்த வினாத்தாள்கள், விடைக்குறிப்புகள், கூடவே மகளின் கல்யாணப் படங்கள். மகன் கல்லூரி வேலைக்காக ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் பதிப்பை இறக்கியிருக்கிறான். விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று ஒரு திரை வந்திருக்கிறது, ஆகட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். வந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் '_ரீட்மீ' என்ற பெயரில் ஒரு குறிப்பு. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை.

இது ஸ்டாப்/டிஜேவியூ எனப்படும் ரான்சம்வேர் குடும்பம். பெரிய நிறுவனங்களை இது குறிவைப்பதில்லை. கிராக் மென்பொருள் தேடும் வீட்டுக்காரர்களும் மாணவர்களும்தான் அதன் இரை. பெரிய கோப்பையும் அது முழுதாகப் பூட்டுவதில்லை, முதல் 150 கேபி அளவைப் பூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவும். அதனால்தான் சாப்பிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. விண்டோஸ் தனக்குள் எடுத்து வைக்கும் நிழல் நகல்களையும் அழித்துவிடும். பழைய வகைகளில் பலவற்றுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019இல் திறவுகோல் கருவி வெளியிட்டது. பிந்தைய வகைகளில், தாக்கியவரின் சர்வரிலிருந்து வந்த தனிச் சாவியால் பூட்டப்பட்டிருந்தால் வழியில்லை.

அந்த லேப்டாப்பில் என்னைத் திடுக்கிட வைத்தது பூட்டு இல்லை. கிளவுட் ஃபோல்டரைத் திறந்தபோது, பூட்டப்பட்ட ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரு பச்சை டிக் இருந்தது. ஒத்திசைவு முடிந்தது, எல்லாம் சரியாக மேலே ஏறிவிட்டது என்று பொருள். மேலே ஏறியதும் பூட்டப்பட்ட கோப்புகளே. அவர் எச்சரிக்கையான மனிதர், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வைத்திருந்தார். அதை எப்போதும் லேப்டாப்பிலேயே செருகி வைத்திருந்தார். அதிலும் அதே நான்கு எழுத்துகள். டி டிரைவிலும் அதே. நம் ஊரில் "சி போனாலும் டி இருக்கும்" என்று முக்கியமானதையெல்லாம் டி டிரைவில் போடுவது பெரிய நம்பிக்கை. சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்தவை. விண்டோஸ் கெட்டுப்போய் மறுபடி நிறுவும்போது டி தப்பும், உண்மைதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டுகிறவர்களுக்கு ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாளில் ஏதாவது ஒரு நேரத்துக்குப் பின்னோக்கித் திருப்பும் வசதி இருக்கிறது. நல்ல வசதி. இலவச 5 ஜிபி கணக்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பழைய பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும். கல்யாண ஆல்பம் ஒன்றில் மட்டும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும்போது அதை யார் செய்வது?

அடுத்து, "அவ்வளவு பெரிய கம்பெனி தொலைக்குமா?" என்ற கேள்வி. தொலைத்திருக்கிறார்கள். மைஸ்பேஸ் ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய சமூக வலைத்தளம். சர்வர்களை மாற்றும்போது 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாடல்களும் படங்களும் போய்விட்டன என்று 2019இல் தெரியவந்தது. பல இசைக்கலைஞர்களுக்கு அதுதான் ஒரே பிரதி. 2023 நவம்பரில், கம்ப்யூட்டருக்கான கூகுள் டிரைவ் மென்பொருளில் ஏற்பட்ட பிழையால் சிலருடைய பல மாதக் கோப்புகள் காணாமல் போயின. கூகுளே அதை ஒப்புக்கொண்டு மீட்புக் கருவி வெளியிட்டது. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்ற கிளவுடில் 858 டெராபைட் எரிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். உலகத்திலேயே மிக வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்றில், ஓர் அரசாங்கத்துக்கு நடந்தது இது.

இதற்கு நேர்மாறான கதை ஆஸ்திரேலியாவுடையது. யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம், கூகுள் கிளவுட் தரப்பில் நடந்த ஓர் அமைப்புத் தவறால் நிதியத்தின் தனிக் கிளவுட் ஒன்று அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் பிரதி இருந்தது. இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்ததால் நிதியம் எழுந்து நின்றது. கிளவுடை நம்பித் தொழில் நடத்துகிறவர்களே அந்தக் கிளவுடுக்கு வெளியே நகல் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அது தேவையில்லை என்று சொல்ல என்ன நியாயம்?

கோப்பு பத்திரமாக இருந்தும் நமக்குக் கிடைக்காமல் போகலாம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், உடம்பு சரியில்லாத சின்னக் குழந்தையை மருத்துவருக்குக் காட்டப் படம் எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைப் பாலியல் படம் என்று குறித்தது, கணக்கு முடக்கப்பட்டது. போலீஸ் விசாரித்து அவர் மேல் குற்றம் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மின்னஞ்சல், படங்கள், தொடர்புகள் எல்லாம் அதோடு போயின. 2022இல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது.

அவ்வளவு அரிதான சம்பவம் வேண்டாம் என்றால், நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பதைப் பாருங்கள். குடும்பத்தின் படங்கள் எல்லாம் அப்பாவின் கணக்கில் இருக்கின்றன. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரியும். அவர் போன பிறகு சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்வதில்லை. சில மாதத்தில் எண் ரத்தாகி வேறொருவர் கைக்குப் போகிறது. ஓடிபி அந்த வேறொருவருக்குப் போகும். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை உள்ளிருப்பவற்றோடு அழிக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் கூகுளின் நடைமுறை. கணக்கு ஓய்ந்துபோனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதியையும் கூகுள் தருகிறது. அதைச் செய்து வைத்த அப்பாக்கள் எத்தனை பேர்?

சரி, ஹார்ட் டிஸ்க்கே வாங்கிவிடுகிறோம் என்பவர்கள் நேராகக் கேட்கும் கேள்வி: எது ரொம்ப நாள் உழைக்கும்? இந்தக் கேள்வியும் கிளவுட் நம்பிக்கையின் தம்பிதான். சாகாத ஒரு பொருளை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்ற அதே நினைப்பு. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் கணக்கை வெளிப்படையாக வெளியிடுகிறது. 2021 முதல் 2024 வரை வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதத்துக்குள் டிஸ்க்குகள் செத்திருக்கின்றன. அது குளிரூட்டிய அறை, நிலையான மின்சாரம். நம் வீட்டு வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. எந்த டிஸ்க்கும் சாகும் என்று எடுத்துக்கொண்டு வாங்குவதுதான் சரி. அப்படிப் பார்த்தால் விலை உயர்ந்த ஒன்றைவிடச் சாதாரணமான இரண்டு மேல். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கம்பெனியில் வாங்காதீர்கள், ஒரே குறை இரண்டிலும் இருக்கக்கூடும்.

என் தேர்வு, பழைய பாணியில் சுழலும் தகடு உள்ள போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எஸ்டிதான் நவீனம், அதுதான் உறுதி என்று கடையில் சொல்வார்கள். லேப்டாப்புக்குள் இருக்க அது மிக நல்லது. பீரோவுக்குள் மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்க அது செய்யப்பட்டதில்லை. எஸ்எஸ்டியும் பென் டிரைவும் மெமரி கார்டும் தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கின்றன, அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல், 30 டிகிரியில் ஒரு வருடம். புது எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும், அதனால் பீதி வேண்டாம். ஆனால் வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை பீரோவில் 30 டிகிரி எங்கே இருக்கிறது?

டிவிடி பற்றியும் கேட்பார்கள். எழுதக்கூடிய டிவிடியில் தகவலைத் தாங்குவது சாயம். ஒளியும் ஈரமும் அதை மங்க வைக்கும். 4.7 ஜிபி தட்டு இன்றைய படங்களுக்குப் போதவும் போதாது, புது லேப்டாப்பில் அதைப் போட வழியும் இல்லை. எழுதக்கூடிய புளூரே தட்டுகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. பழைய கல்யாண டிவிடிகள் வீட்டில் இருந்தால் படிக்க முடிகிறபோதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் '2 டிபி பென் டிரைவ்' பச்சை மோசடி. உள்ளே சில ஜிபிதான் இருக்கும், 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும், நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். வாங்கியது எதுவானாலும் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு டிஸ்க்கில் ஒன்று வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது கம்ப்யூட்டரும் அதன் பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே மூழ்கின. 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அதே தண்ணீர். அக்கா வீட்டில் ஒன்றை வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது இங்கிருப்பதைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை வாங்கி வாருங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி இதைத்தான் சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கிளவுடுக்கு உரிய இடமும் இதுதான். அது வேறு இடத்தில் இருக்கும் ஒரு கூடுதல் பிரதி. அந்த இடத்தில் அது அருமையாக வேலை செய்யும், அந்த இடத்தை நான் மறுக்கவில்லை.

மென்பொருளைப் பொறுத்தவரை, கையால் காப்பி-பேஸ்ட் செய்வதை விட்டுவிடுங்கள். 'புதுசு', 'புதுசு கடைசி', 'புதுசு கடைசி 2' என்று ஃபோல்டர்கள் பெருகி, எது சரியானது என்று யாருக்கும் தெரியாமல் போவதே அதன் முடிவு. மென்பொருளிடம் நான் எதிர்பார்ப்பவை சில. பழைய பதிப்புகளைத் தேதிவாரியாக வைத்திருக்க வேண்டும். மாறியதை மட்டும் எடுக்க வேண்டும். அந்தக் கம்பெனி நாளைக்குக் கடையைக் கட்டினாலும் கோப்பு நம் கையில் கிடைக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற அருமையான மென்பொருளின் இலவசப் பதிப்பை நம்பி எத்தனையோ பேர் இருந்தார்கள். 2024 தொடக்கத்தோடு அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோயின.

விண்டோஸ் வீடுகளுக்கு என் முதல் பரிந்துரை, 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரி. விண்டோஸ் 11இல் அது கன்ட்ரோல் பேனலுக்குள் ஒளிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் முன்னால் நிறுத்துவது 'விண்டோஸ் பேக்கப்' என்ற வேறொரு செயலியை, அது உங்களை ஒன்டிரைவுக்கே அழைத்துப் போகும். ஃபைல் ஹிஸ்டரி எடுத்த டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். உங்கள் ஃபோல்டர்கள் அதே அமைப்பில் இருக்கும், ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் இருக்கும். எந்த மென்பொருளும் இல்லாமல், எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வேண்டிய நாளின் கோப்பை அப்படியே எடுக்கலாம். இந்த எளிமைக்கு நிகர் கிடையாது. குறையும் உண்டு. டி டிரைவில் நீங்களாக உண்டாக்கிய ஃபோல்டரை அது தானாக எடுக்காது, லைப்ரரியில் சேர்க்க வேண்டும். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது, வேறு எதையும் தேட வேண்டியதில்லை. உபுண்டுவில் டேஜா டப். கட்டளை தட்டத் தயங்காதவர்களுக்கு ரெஸ்டிக், போர்க். அதே தரத்தில் ஜன்னல்களோடு வேண்டுமென்றால் கோப்பியா. இந்த மூன்றிலும் கோப்புகளைப் பூட்டிச் சேமிக்கலாம், கிளவுடுக்கு அனுப்ப அதுவே பாதுகாப்பு. பாஸ்வேர்டை மறந்தால் செய்தவர்களாலும் திறக்க முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி, எல்ஐசி பாலிசி இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

எந்த மென்பொருளானாலும் வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த ரான்சம்வேராலும் தொட முடியாது. அந்த டியூஷன் ஆசிரியருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

திரும்ப எடுத்துப் பார்க்காத வரை பேக்கப் இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1998இல் பிக்சார் ஸ்டுடியோவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி மறைந்தது. பேக்கப் டேப்பை எடுத்துப் பார்த்தால், அது சரியாக எழுதப்படாமலே ஒரு மாத அளவு ஓடியிருக்கிறது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. போர்வையில் சுற்றிக் காரில் வைத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்தார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் பெயருக்கு இருந்தன, அவசரத்துக்கு ஒன்றும் உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு காரியத்துக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. பழுத்த பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், திறந்தே பார்க்காத நம் டிஸ்க்கை எந்தத் தைரியத்தில் நம்புவது? வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஏதாவது பத்துக் கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு ஆபத்து. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் தட்டிய கோப்பு பேக்கப்பிலிருந்து பழுதில்லாமல் வரும், திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். பாமினியிலோ டாமிலோ டாபிலோ வானவில்லிலோ தட்டியது, அந்த எழுத்துரு புதுக் கம்ப்யூட்டரில் இல்லை. பேஜ்மேக்கரில் அமைத்த புத்தகம் என்றால் இன்னும் சிக்கல். அதன் 7.0 பதிப்பு 2001இல் வந்தது, அதற்குப் பிறகு அடோபி பெரிய பதிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. சிற்றிதழ் நடத்தியவர்களின், ஊர் வரலாறு எழுதியவர்களின் உழைப்பு இப்படி எத்தனையோ டிஸ்க்குகளில் கிடக்கிறது. அந்தக் கோப்புகளோடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பேக்கப் எடுங்கள், யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பிரதியையும் பிடிஎஃப் பிரதியையும் பக்கத்தில் வையுங்கள்.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் எங்கே என்பதுதான் கடைசி மறுப்பு. இரண்டு போர்ட்டபிள் டிஸ்க்கின் விலை ஒரு நடுத்தர ஸ்மார்ட்போனின் விலைக்குள் அடங்கும். மென்பொருள் இலவசம். ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு வாரம் ஒருமுறை டிஸ்க்கைச் செருகி, முடிந்ததும் கழற்றுவதுதான் வேலை. மனிதர்கள் மறப்பார்கள் என்பது உண்மை. அதனால் வாரா வாரம் செய்யும் வேறொரு வேலையோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தொழில்நுட்பம் தெரியாத சாமானியரால் இது முடியாது என்று சொல்கிறவர்கள், அந்தச் சாமானியருக்கு அரை உண்மையை விற்றவர்களும்தான். "உங்க போட்டோ எல்லாம் கிளவுட்ல பத்திரம்" என்று சொல்லி லேப்டாப்பைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர், "அழிச்சா 30 நாள்தான், அந்த மேகப் படம் இருந்தா ஃபைல் இதுல இல்ல" என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். புது மாடலை அலசும் யூடியூபர், திரையின் பிரகாசத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஃபைல் ஹிஸ்டரி எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். ஐ.டி.யில் இருக்கும் அண்ணன் மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, தன் அலுவலகத்தில் எத்தனை பிரதி எடுக்கிறார்கள், எங்கெங்கே வைக்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அவர் லேப்டாப்பில் அதில் ஒன்றையாவது அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.